சூரியனில் முதலில் சிக்கிய வாயு

பிறந்தநாள் விழாவில் கைநழுவிய பலூன் ஒன்று ஜொகூர் பாருவின் அடுக்குமாடிகளுக்கு மேலே ஏறி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அதனுள் இருக்கும் ஹீலியத்தை மனிதன் முதலில் கண்டது பூமியில் அல்ல, மாணவர்களே, சூரியனில்!

1868 ஆகஸ்ட் 18. முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் இந்தியாவைக் கடந்து சயாம் வரை ஓடியது. அதைக் காண, நமக்கு அக்கரையில் இருக்கும் சிங்கப்பூரிலிருந்து ஆளுநர் ஹாரி ஓர்ட், சயாம் மன்னர் மோங்குட்டின் அழைப்பில் வா கோ கிராமத்துக்குப் போயிருந்தார். அதே நாளில், அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன், சூரிய விளிம்பில் எழும் செந்நிறப் பிழம்புகளின் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்தார். பளிச்சென்று சில கோடுகள் தெரிந்தன. மஞ்சள் கோட்டைச் சோடியத்தினுடையது என்றே முதலில் கருதினார்கள். அக்டோபர் 20இல் இங்கிலாந்தில் லாக்யர், கிரகணம் இல்லாமலேயே அதே கோட்டைப் பார்த்தார். அது சோடியத்தின் இடத்தில் இல்லை என்றும் கண்டார். ஜான்சன் ஒருவரே கண்டுபிடித்தார் என்று ஒரு வரியில் முடிப்பது சற்று அவசரம்தான். கிரேக்க மொழியில் சூரியன் ‘ஹீலியோஸ்’. பெயர் அப்படி வந்தது.

பூமியில் அது அகப்பட இன்னும் 27 ஆண்டுகள் ஆயின. ஏன்? ஒரு தனிமத்தை அடையாளம் காண வேதியியலாளர் அதன் நடத்தையைப் பார்ப்பார்: எரிகிறதா, அமிலத்தோடு வினைபுரிகிறதா, வேறொன்றோடு சேர்கிறதா? ஹீலியம் எதையும் செய்யாது. நிறமில்லை, மணமில்லை. அதன் ஒரே கூட்டில் இரண்டு எலெக்ட்ரான்கள். அதோடு கூடு நிறைந்துவிடுகிறது. கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். 1895இல் லண்டனில் ராம்சே, யுரேனியம் கலந்த கனிமம் ஒன்றை அமிலத்தில் இட்டபோது வெளிவந்த வாயுவில் அந்த மஞ்சள் கோடு மின்னியது. அவர் தேடியதோ ஆர்கனை!

நியான், ஆர்கன், கிரிப்டான், செனான் ஆகியவையும் இந்தக் குடும்பமே. படிவம் 4 பாடத்தில் ‘காஸ் அடி’; தமிழில் மந்த வாயுக்கள். ‘ஆர்கன்’ என்றாலே கிரேக்கத்தில் சோம்பேறி. அந்தச் சோம்பல்தான் வெல்டிங் பட்டறைக்கு வேண்டும்: உருகிய உலோகத்தை ஆக்சிஜன் தொடாதபடி ஆர்கன் சூழ்ந்து காக்கிறது.

ஆனால் எல்லாமே முழுச் சோம்பேறிகள் அல்ல. செனான் பெரிய அணு. வெளிக்கூட்டு எலெக்ட்ரான்கள் கருவிலிருந்து தொலைவில் இருப்பதால் பிடி தளர்வு. 1962இல் கனடாவில் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாபுளோரைடுடன் அதைச் சேரவைத்தார். ஹீலியமோ நாம் வாழும் சூழலில் எதனோடும் சேராது.

அதில்தான் சிக்கல். ஹைட்ரஜன் அதைவிட லேசானது. ஆனாலும் ஆக்சிஜன் அதைக் கடல்நீராகப் பிடித்து வைத்திருக்கிறது. ஹீலியத்தைப் பிடித்துவைக்க எதுவுமில்லை. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது பாறைகளில் மெல்லப் பிறந்து, இயற்கை எரிவாயுவோடு நிலத்தடியில் தேங்கியதைத்தான் எடுக்கிறோம். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தத்தை மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் குளிர்விப்பதும் அதுவே, பலூனில் அடைப்பதும் அதுவே. பலூனிலிருந்து கசிந்தது காற்றில் கலந்து, காலப்போக்கில் விண்வெளிக்குத் தப்பிவிடும். அதைத் திரும்பப் பிடிக்க வழியில்லை.