உழைப்பும் இருதயமும்

மனித உடலில் ஓய்வறியாது உழைக்கும் உறுப்பு இருதயமாகும். உடல் சும்மா இருக்கும்போது அதன் ஆற்றலை அறிதல் அரிது. உழைக்கும்போதே அது வெளிப்படும். கொழுந்துக் கூடையுடன் நாள்தோறும் மலையேறும் மக்கள் வாழும் லிந்துலைக்கு இவ்வுண்மை புதியதன்று.

நாடித்துடிப்பின் தொகையை, ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தின் அளவாற் பெருக்கினால், இருதயம் நிமிடத்துக்குச் செலுத்தும் இரத்தம் எவ்வளவென்பது பெறப்படும். பயிற்சியற்ற ஒருவனுக்கு ஓய்வில் 70 துடிப்பும், துடிப்புக்கு 70 மில்லிலீற்றரும் எனக் கொண்டால் 4.9 லீற்றர் ஆகும். நெடுந்தூர ஓட்டத்திற் பயின்றவனுக்கு 50 துடிப்பும் 100 மில்லிலீற்றரும் எனின் 5 லீற்றர். பயன் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் பயின்றவனின் இருதயம் நிமிடத்துக்கு இருபது துடிப்பை மிச்சப்படுத்துகின்றது.

கடும் ஓட்டத்தில் வேறுபாடு நன்கு துலங்கும். உச்சத் துடிப்பு பயிற்சியாற் பெரிதும் மாறுவதில்லை. இருவருக்கும் அது 190 எனக் கொள்க. முன்னவன் துடிப்புக்கு 105 மில்லிலீற்றர் வீதம் சுமார் 20 லீற்றரும், பின்னவன் 160 மில்லிலீற்றர் வீதம் சுமார் 30 லீற்றரும் செலுத்துவர்.

இதனை அளக்கும் விதியை 1870 இல் அடொல்ப் பிக் என்னும் ஜேர்மானிய அறிஞர் வகுத்தார். உடல் ஏற்கும் ஒட்சிசனை, நாடி இரத்தத்துக்கும் நாள இரத்தத்துக்கும் இடையிலுள்ள ஒட்சிசன் வேறுபாட்டால் வகுத்தல் அவ்விதி. இதற்குக் கருவிகள் வேண்டும். பாடசாலைக்கு ஏற்ற எளிய வழி, 1943 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட படியேறும் சோதனை. இது இருதயத்தை நேரே அளப்பதன்று, நாடியைக்கொண்டு மதிப்பிடுவது. இளைஞன் 20 அங்குல உயரப் படியில் நிமிடத்துக்கு 30 தடவை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்குவான். அமர்ந்தபின் 1, 2, 3 ஆம் நிமிடங்கள் முடிந்ததும் அரை நிமிடம் வீதம் நாடியை எண்ணுதல் வேண்டும். ஏறிய விநாடிகளை 100 ஆற் பெருக்கி, மூன்று எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையின் இருமடங்கால் வகுக்க மதிப்பெண் கிடைக்கும். கூட்டுத்தொகை 150 எனின் 100; 250 எனின் 60. தொண்ணூறுக்கு மேல் மிக நன்று. நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றின் உடனே நிறுத்துக.

ஆயினும் பயிற்சி ஒன்றே போதாது. ஒட்சிசனைச் சுமப்பது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின். அது குறைந்தால், அதே வேலைக்கு இருதயம் விரைந்து துடிக்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே எட்ஜேட்டன், செனிவிரத்ன முதலியோர் செய்த ஆய்வு 1979 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. இரும்புச்சத்துப் பெற்று ஈமோகுளோபின் உயர்ந்தோர் ஒரு மாதத்தின்பின் கூடுதலான கொழுந்து பறித்தனர். இரத்தச்சோகை மிகுந்தோரிடத்தே முன்னேற்றமும் மிகுதியாயிருந்தது.

ஆகவே, மலையில் மூச்சுவாங்கிப் பின்தங்கும் பெண்ணைச் சோம்பேறி என்றல் அறியாமை. மைதானத்திற் களைக்கும் மாணவனுக்கும் இது பொருந்தும். பழிக்குமுன் நாடியைப் பார்ப்போம். இரத்தத்தைச் சோதிக்கச் செய்வோம். நம் கல்லூரி தந்த அறிவு லயத்து வாசல்வரை சென்று பயன்படுதலே விழாவுக்குப் பெருமை தருவதாகும்.