வளாகத்துப் பசுமை வயலுக்கும் வரவேண்டும்

காணியை விட்டு வந்து வாடகை வீட்டிலும் உறவினர் வீட்டிலும் காலந்தள்ளும் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். விடுமுறைக்கு வரும்போது, "வளாகத்தில் மரம் நட்டோம், பொலித்தீனை நிறுத்தினோம், காலநிலை மாற்றம் பற்றிக் கருத்தரங்கு வைத்தோம்" என்று சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் தகப்பனுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. "உழுவதற்குக் காணி இல்லை, இறைப்பதற்குக் கிணறு இல்லை. உங்கள் பசுமை எங்களுக்கு என்ன செய்யும்?" இது நியாயமான கேள்வி. விடையை நாம் சேர்ந்து தேடுவோம்.

மாணவர் செய்வது என்ன?

பல்கலைக்கழகம் ஒரு சிறு பட்டணம் போன்றது. ஆயிரக்கணக்கானோர் அங்கே உண்கிறார்கள், குளிக்கிறார்கள், மின்சாரம் எரிக்கிறார்கள், குப்பை சேர்க்கிறார்கள். 2010ஆம் ஆண்டில் இந்தோனேசியப் பல்கலைக்கழகம், உலகப் பல்கலைக்கழகங்களின் பசுமையை மதிப்பிடத் தொடங்கியது. நிலமும் கட்டடமும், சக்தியும் காலநிலையும், கழிவு, நீர், போக்குவரத்து, கல்வியும் ஆராய்ச்சியும் என்பன அதில் மதிப்பிடப்படும் விடயங்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்களும் இதில் பங்குபற்றுகின்றன. இதில் பெறும் புள்ளிகளை விட, அளந்து பார்க்கும் பழக்கமே பெறுமதியானது.

சிற்றுண்டிச்சாலையை எடுத்துக்கொள்வோம். தட்டுகளில் மிஞ்சும் சோற்றை நாள்தோறும் நிறுத்து, அந்த நிறையை எல்லோரும் பார்க்கச் சுவரில் எழுதிவிட்டால், அடுத்த வாரம் எவ்வளவு குறைத்துச் சமைக்கலாம் என்பது தெரிந்துவிடும். மிஞ்சியதைக் கூட்டெருவாக்கலாம். குப்பைமேட்டில் கொட்டினால் அது காற்றுப்படாமல் அழுகி மெதேன் வாயுவை வெளிவிடும். நூறு வருடக் கணக்கில், எடைக்கு எடை, மெதேன் காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.

கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. சில கிலோமீற்றர் தள்ளியுள்ள மீதொட்டமுல்லவில், 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், குப்பைமேடு சரிந்து வீடுகள் புதைந்தன. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தப்பியவர்கள் வீடிழந்து இடம்பெயர்ந்தனர். அவ்வருடம் செப்டெம்பர் முதலாந் திகதி முதல் லன்ச்சீற், ரெஜிபோம் பெட்டி, மெல்லிய பொலித்தீன் ஆகியன தடைசெய்யப்பட்டன. நகரத்தின் எச்சிற் சோறு ஏழைகளின் கூரைமேல் விழுந்த கதை இது. ஆகவே தட்டில் மிஞ்சுவதை நிறுக்கும் மாணவரைப் பார்த்து நாம் சிரிக்கக்கூடாது.

வகுப்பறையிற் பிறந்த வழக்கு

பசிபிக் சமுத்திரத்தில் வனுவாட்டு என்றொரு சிறு தீவுநாடு உண்டு. 2019இல் அங்குள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள், தம் தீவுகளைக் கடல் அரிப்பதைக் கண்டு ஒரு கேள்வியை எழுப்பினர். புகையைக் கக்கியவர்கள் எங்கோ இருக்க, வீட்டை இழப்பவர்கள் நாங்களா? இதனை உலக நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்று தம் நாட்டுத் தலைவர்களுக்கு எழுதினர். வனுவாட்டு அரசு அதனைத் தன் கோரிக்கையாக ஏற்றது. 2023 மார்ச் 29இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வாக்கெடுப்பின்றி அதனை ஏகமனதாக நிறைவேற்றியது. 2025 ஜூலை 23இல் உலக நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. கடமை தவறினால் பாதிக்கப்பட்ட நாடுகள் நட்டஈடு கேட்கவும் இடமுண்டு என்றது.

ஆலோசனைக் கருத்து ஒரு தீர்ப்பைப்போல் எவரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அதனால் நாளைக்கே எவருக்கும் காசோலை வரப்போவதுமில்லை. ஆனால் இழந்தவர்கள் தம் இழப்பை எழுதி வைத்தார்கள், படித்த பிள்ளைகள் அதனைச் சபையேற்றினார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் உலகம் காதுகொடுத்தது.

நம்மைப்போல் இடம்பெயர்ந்த பீடம்

நம் பக்கத்திலும் இத்தகைய உறவுக்கு இடமுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் ஆரம்பிக்கப்பட்டது. போர் அதனையும் விட்டுவைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து பல வருடங்கள் அங்கே இயங்கி, போர் முடிந்தபின் கிளிநொச்சி அறிவியல் நகருக்குத் திரும்பியது. நிலத்தை இழப்பது என்னவென்று அந்தப் பீடத்துக்குத் தெரியும். அதே 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களிற் சிலருக்குக் காணி இன்னும் திரும்பவில்லை.

கமக்காரரைக் கேளாத பசுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாடு 2021இல் கண்டது. அவ்வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. போதிய கூட்டெரு இருக்கவில்லை, மண்ணைப் பழக்க அவகாசமும் கொடுக்கப்படவில்லை. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்திருந்தது. அப்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. இயற்கை உரம் நல்லது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எந்த மண்ணுக்கு எவ்வளவு, எத்தனை போகத்தில் என்று கேட்டுச் செய்ய வேண்டியதை, கட்டளையாற் செய்தார்கள்.

மழையும் இப்போது பழைய கணக்கில் வருவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தது. ஒருமுறை இடம்பெயர்ந்தவர்கள் மறுபடியும் மூட்டை கட்டவேண்டிய காலம் இது.

நாம் செய்யக்கூடியவை

பல்கலைக்கழகம் போகும் பிள்ளையிடம் மூன்று காரியங்களைக் கேளுங்கள்.

முதலாவது, மழைக் கணக்கு. பக்கங்கள் நேரான ஒரு தகரப் பேணியை வெளியில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் நீர். நாற்பது சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் பெய்தால் 1,000 லீற்றர் இறங்குகிறது. காணி இல்லாதவரும் இந்த நீரைப் பிடிக்கலாம்.

இரண்டாவது, கிணற்று நீர்ச் சோதனை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் பசளையும் மலக்குழிக் கழிவும் விரைவாக நிலத்தடி நீரில் இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது ஆபத்து. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. மீளக்குடியேறியவர்கள் திருத்திய கிணற்றில் குடிப்பதற்கு முன் சோதிப்பது நல்லது.

மூன்றாவது, விதையும் அனுபவமும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நெல்லை எந்த வயலில், எந்த மாதத்தில் விதைத்தீர்கள், வரட்சியில் எது நின்றது என்பதைப் பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். இடப்பெயர்வில் விதைநெல் மட்டும் தொலையவில்லை. அதனைப் பற்றிய அறிவும் வீட்டுக்கு வீடு மறைந்து வருகிறது.

இந்தக் கொப்பிகளைக் கமக்காரர் அமைப்பிலும் கமநல சேவை நிலையத்திலும் காட்டுங்கள். நட்டஈடு, காணி, பசளை பற்றி அதிகாரிகள் பேசவரும்போது, "அப்படித்தான் நினைக்கிறோம்" என்பதைவிட "இதோ எழுதி வைத்திருக்கிறோம்" என்பதற்குப் பலம் அதிகம். மாணவர் வளாகத்தில் பழகும் அளவையும் கணக்கையும் நம் முற்றத்துக்குக் கொண்டுவரட்டும். நாமோ மண்ணிற் கற்றதை அவர்களுக்குக் கொடுப்போம். காணி திரும்பும் நாளில் அதனை உழத் தெரிந்த தலைமுறை நம்மிடம் இருக்க வேண்டும்.