வெள்ளத்தில் தொலைவிலிருந்து உதவுவது எப்படி?

2023 மார்ச்சில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பெய்த கனமழையால் 40,000-க்கும் மேற்பட்டோர் துயர் துடைப்பு மையங்களில் தஞ்சம் புகுந்தனர். அம்மாநிலத்தின் தாழ்வான சமநிலப் பகுதியாகிய பத்து பகாட்டில் நீர் வடியப் பல வாரங்கள் ஆயின. இத்தகைய நெடிய இடரில் களப்பணியாளர் சோர்ந்துபோவதால், அவர்களின் சுமையைத் தொலைவிலிருந்து பகிரும் இணையத் தன்னார்வலர் தேவைப்படுகின்றனர். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு சாலைகளையும் கட்டடங்களையும் வரைபடத்தில் குறிப்பதும், உதவி கோரும் செய்திகளை இடம், நேரம், தேவை எனப் பகுத்துச் சரிபார்ப்பதும் இவர்களின் பணியாகும். பெரும்பணியைச் சிறு கூறுகளாக்கிப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் இம்முறையால், ஒருவர் ஓய்வெடுக்கையில் வேறொரு நாட்டினர் பணியைத் தொடர இயலுகிறது. 2010 ஹைட்டி நிலநடுக்கத்திற்குப் பின் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இணைய வரைபடத் திட்டத்தின் தன்னார்வலர் போர்ட்டோ பிரின்ஸ் நகரின் விரிவான வரைபடத்தை இவ்வாறே உருவாக்கினர். காலாவதியான ஒரு செய்தி மீட்புப் படகைத் தவறான இடத்திற்கு அனுப்பிவிடக்கூடும் என்பதால், இப்பணியில் வேகத்தைவிடச் சரிபார்ப்பே முதன்மையானது.