2 வருஷம் கம்யூனிட்டி காலேஜ், அப்புறம் நேரா 3-ம் ஆண்டு பல்கலைக்கழகம்... கலிஃபோர்னியாவின் 'ஏஏ-டி' டிகிரி என்றால் என்ன?

அமெரிக்காவில் முதல் நாளில் இருந்தே பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தால்தான் டிகிரியா? இல்லை. கலிஃபோர்னியாவில் வேறு ஒரு வழி இருக்கிறது. தகவல்தொடர்பியல் படிப்பை வைத்து அதைப் பார்க்கலாம்.

ஏஏ-டி என்றால் என்ன?

நம்ம ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் டிப்ளமோ, தொழிற்பயிற்சிதான் நினைவுக்கு வரும். அங்கே அது பட்டப்படிப்பின் முதல் பாதி. கம்யூனிட்டி காலேஜில் 60 யூனிட் முடித்தால் ஏஏ-டி பட்டம். மீதி 60 யூனிட்டை கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில், அதாவது சிஎஸ்யூவில் முடித்தால் இளங்கலைப் பட்டம். 2010-ல் வந்த சட்டம்தான் இதற்கு அடிப்படை.

என்ன படிக்கணும்?

மேடைப் பேச்சு கட்டாயம். அதோடு வாதத்திறன், குழுவாகப் பேசி முடிவெடுப்பது, இருவருக்கு இடையிலான உரையாடல், பண்பாடுகளுக்கு இடையிலான தொடர்பு போன்ற பாடங்கள் வரும். மேஜர் பாடங்கள் குறைந்தது 18 யூனிட். ஒவ்வொன்றிலும் 'சி' கிரேடாவது வேண்டும். மொத்த ஜிபிஏ 2.0-க்கு குறையக்கூடாது.

மீதியில் பெரும்பகுதி பொதுப் பாடங்கள். மேடைப் பேச்சு, மேஜர் கணக்கிலும் பொதுப் பாடக் கணக்கிலும் சேரும். ஒரே கல்லில் ரெண்டு மாங்கா!

ரிப்போர்ட்டர் ஆகணும் என்பவர்கள் கவனிக்க: இதழியலுக்கு தனி ஏஏ-டி இருக்கிறது.

செலவு எவ்வளவு?

மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். புத்தகம், இதர கட்டணம் தனி. முதல்முறை சேரும் முழுநேர மாணவர்களுக்கு பல கல்லூரிகள் இதையும் தள்ளுபடி செய்கின்றன.

எஃப்-1 விசாவில் போகும் நம்ம மாணவர்களுக்கு இந்த 46 டாலர் கணக்கு பொருந்தாது. வெளியூர்க் கட்டணமும் சேர்ந்து பல மடங்கு ஆகும்.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

* வெறும் 'ஏஏ' வேறு, 'ஏஏ-டி' வேறு. கடைசியில் இருக்கும் அந்த 'டி'க்குத்தான் சிஎஸ்யூ சேர்க்கை உத்தரவாதம். விண்ணப்பத்தில் சரியாகத் தேர்வு செய்யுங்கள்.
* உத்தரவாதம் சிஎஸ்யூ அமைப்பில் ஓர் இடத்துக்குத்தான். நீங்கள் ஆசைப்பட்ட வளாகமே கிடைக்கும் என்பதற்கு அல்ல.
* பெர்க்லி, யூசிஎல்ஏ எல்லாம் யூசி அமைப்பு. இந்த உத்தரவாதம் அங்கே செல்லாது.
* செமஸ்டருக்கு 12 யூனிட் எடுத்தாலே முழுநேர மாணவர்தான். ஆனால் அப்படிப் போனால் 60 முடிக்க 5 செமஸ்டர் ஆகும். 2 வருஷத்தில் முடிக்க 15 எடுக்கணும்.

முதலில் என்ன செய்யணும்?

முதல் செமஸ்டரிலேயே கல்லூரி கவுன்சிலரைப் பார்த்து, 4 செமஸ்டருக்கும் பாடத் திட்டத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கில் சேராத ஒரு பாடம் எடுத்தால் காசு மட்டுமல்ல, சில மாதங்களும் போச்சு!