உக்குவளையில் ஒரு பீலி, யாழ்ப்பாணத்தில் ஒரு பீலி

பீலி என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் கேட்டால் கூரையின் ஓரத்தைக் காட்டுவார். மழைத் தண்ணீரை ஏந்தி ஒரு பக்கமாக இறக்கிவிடும் தகரம்தான் அங்கே பீலி. மாத்தளை மாவட்டத்தில் உக்குவளைப் பக்கத் தோட்டமொன்றில் அதே கேள்வியைக் கேட்டால், மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியே கொட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். குளிப்பது, துணி துவைப்பது, குடத்தில் தண்ணீர் பிடிப்பது எல்லாம் அங்கேதான். அந்த இடத்தைப் பீலிக்கரை என்பார்கள்.

சொல் ஒன்றுதான், தண்ணீர் வரும் வழிதான் வேறு. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நிலத்தடி நீரை நம்பிய வாழ்க்கை. அதனால் கிணற்றடி, துலா, தொட்டி என்ற சொற்கள் அங்கே செழித்தன. மலையில் கிணறு தோண்டத் தேவையில்லை. ஊற்று தானாகவே இறங்கி வருகிறது. அதனால் பீலி.

இப்படியான வேறுபாடுகளைப் பொழுதுபோக்காகப் பேசிச் சிரிப்பதுண்டு. ஆனால் எமது நாட்டில் ஒரு சொல்லை எப்படிச் சொல்கிறோம் என்பதால் அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள், அவமானப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்தச் சொற்கள் எந்த வழியாக எம்மிடம் வந்தன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஒரு கடைத்தெரு, மூன்று தமிழ்

உக்குவளை, கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ரயில் பாதையில் உள்ள ஒரு நிலையம். அந்தப் பாதை 1880இல் மாத்தளையை எட்டியது. பொல்கொல்லையில் திருப்பிவிடப்படும் மகாவலித் தண்ணீர் சுரங்கம் வழியே வந்து இங்குள்ள மின்நிலையத்தை இயக்குகிறது. சுற்றிலும் தேயிலை, ரப்பர், கொக்கோ, மிளகு. சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் எனப் பலரும் அருகருகே வாழும் பகுதி. மலையகப் பாடசாலைகளில் படிப்பிக்க வடக்கிலிருந்து வந்தவர்களின் தமிழும் இந்தப் பகுதிகளுக்குப் புதிதல்ல.

ஒரு மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து வீட்டில் சோறும் கொழம்பும். முஸ்லிம் வீட்டில் சோறும் ஆணமும். வடக்கிலிருந்து வந்த ஆசிரியர் வீட்டில் சோறும் கறியும். தேங்காய்ப்பால் விட்டு வைப்பதை வடக்கில் சொதி என்பார்கள். முஸ்லிம் வீடுகளில் அதற்கு நெருங்கியது பாலாணம். ஆணம் என்பது வேற்றுமொழிச் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தமிழ்ச் சொல்தான். தமிழகத்து முஸ்லிம் ஊர்களிலும் அது புழங்குகிறது. மற்ற வீடுகளில் மறைந்துபோன சொல் முஸ்லிம் அடுப்படியில் பத்திரமாக இருந்திருக்கிறது.

மாத்தளை வாசனைத் திரவியங்களுக்குப் பேர்போன மாவட்டம். இங்கே கறுவா, கராம்பு என்று விற்பதைத் தமிழகத்துக் கடைகளில் பட்டை, கிராம்பு என்று கேட்கவேண்டும். தோட்டத்துப் பழைய தலைமுறை மாவை 'மாவு' என்றே சொல்லும். வடக்கில் அது 'மா'. ஆனால் பாண், போஞ்சி, கோவா, சீனி, மரக்கறி என்று வரும்போது இலங்கைத் தமிழர் எல்லோரும் பெரும்பாலும் ஒரே பக்கம் நிற்கிறோம். தமிழகத்தில் இவற்றில் பலவற்றுக்குப் பெயர் வேறு.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். லயம் என்ற சொல் ஆங்கில 'லைன்' என்பதிலிருந்து வந்தது. லயத்து அறை காம்பரா. அது போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. வாசலுக்கு முன்னால் இருக்கும் சிறு இடம் இஸ்தோப்பு. அது ஒல்லாந்தர் தந்த சொல், சிங்களத்திலும் இருக்கிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, ஆங்கிலத்தின் 'பரேட்'. தோட்டத்துக்கு வந்தவர்கள் தங்கள் ஊரில் இல்லாத வீட்டையும் வேலையையும் இங்கே கண்டார்கள். அவற்றுக்குக் காதில் விழுந்த பெயரை வைத்துக்கொண்டார்கள்.

எது சுத்தத் தமிழ்?

'தோட்டத்துத் தமிழ் கலப்புத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ் சுத்தத் தமிழ்' என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீடொன்றுக்குள் போய்ப் பார்ப்போம். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், குசினி, வாங்கு, துவாய், சப்பாத்து, அலவாங்கு. இவை அத்தனையும் போர்த்துக்கேயச் சொற்கள். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை அவர்கள் ஆண்டது நாற்பது வருடங்கள்கூட இல்லை. ஆனால் அவர்களின் மேசையும் கதிரையும் இன்றும் எமது வீட்டில் இருக்கின்றன. பின்னால் வந்த ஒல்லாந்தர் கந்தோரையும் லாச்சியையும் விட்டுப்போனார்கள்.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தமிழகத்தில் கதிரைக்கு நாற்காலி என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் அங்கே பூட்டைத் திறப்பது சாவி. அது போர்த்துக்கேயச் சொல். யாழ்ப்பாணத்தில் அதற்குத் திறப்பு என்ற அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் யாரும் யாருக்கும் மேலில்லை. சுத்தம், கலப்பு என்ற அளவுகோலை ஒரு வீட்டுச் சொற்களுக்கு மட்டும் வைத்து அளந்ததுதான் நடந்தது. அளந்தவர்களிடம் படிப்பும் உத்தியோகமும் இருந்தன. அளக்கப்பட்டவர்களிடம் 1948ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் குடியுரிமைகூட இருக்கவில்லை.

ஒரு வாளியின் பெயர்

சொல்லை வைத்து ஆளைப் பிரித்ததன் கொடூரமான முகத்தை 1983 ஜூலையில் கண்டோம். சிங்களத்தில் வாளிக்குப் 'பால்திய' என்று பெயர். அதுவும் போர்த்துக்கேயம் தந்ததுதான். அதன் முதல் எழுத்தை 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற ஒலியில் சொல்லவேண்டும். தமிழ் மட்டுமே பேசிப் பழகிய நாக்குக்கு அது 'பல்' என்பதில் வரும் ஒலியாகிவிடும். வாகனங்களை மறித்தவர்கள் இந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லி ஆள் பிடித்ததைத் தப்பிவந்த பலர் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாளியின் பெயரில் ஒரு மனிதனின் உயிர் தொங்கியது.

1970களின் தோட்டப் பஞ்சமும், 1977, 1981, 1983 வன்முறைகளும் மலையகக் குடும்பங்கள் பலவற்றை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்குத் தள்ளின. காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கே அவர்களைச் சுற்றியிருந்தது தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழுக்குள்ளும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் காத்திருந்தது. 'பேசுறேன்' என்று சொன்ன பிள்ளை 'கதைக்கிறன்' என்று மாற்றிக்கொண்டது. 'பையன்' 'பெடியன்' ஆனான். வீட்டுக்குள் அம்மாயியிடம் ஒரு தமிழ், வெளியே பள்ளிக்கூடத்தில் இன்னொரு தமிழ். ஏளனத்துக்குப் பயந்து மறைத்த சொற்களை அடுத்த தலைமுறை கேட்கவே இல்லை.

அந்தக் குடும்பங்களும் 2009 வரை போரின் எல்லா இடப்பெயர்வுகளிலும் நடந்தன. செட்டிகுளம் முகாம்களில் தண்ணீர் வரிசையில் நின்றபோது வன்னியாரும், யாழ்ப்பாணத்தாரும், மலையகத்தாரும் பிடித்திருந்தது வாளிதான். அந்தப் பொருளுக்கு எம் எல்லோரிடமும் ஒரே பெயர்தான் இருந்தது.

கடல் தாண்டிய சொற்கள்

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத்தவரில் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியேறினார்கள். இங்கே 'இந்தியாக்காரர்' என்று தள்ளப்பட்டவர்களை அங்கே 'சிலோன்காரர்' என்று அழைத்தார்கள். ஒரே நாக்கு, ஒரே சொற்கள். கேட்கும் காதுதான் மாறியது.

1983க்குப் பின் படகேறித் தமிழக முகாம்களுக்குப் போன வடக்கு, கிழக்கு மக்களுக்கும் இது தெரியாததல்ல. கடையில் கடலை என்று கேட்டால் கச்சானைக் கொடுப்பார்கள். கோப்பை என்று எமது ஆட்கள் சோறு போடும் தட்டைச் சொன்னால் தேநீர் குடிக்கும் குவளையை எடுத்துத் தருவார்கள். கறி என்றால் இறைச்சி என்று நினைப்பார்கள். முகாமில் பிறந்து ஊர் திரும்பிய பிள்ளை இப்போது சாவி, தட்டு என்று சொன்னால், 'இந்தியத் தமிழ் கதைக்கிறாய்' என்று வகுப்பில் சிரிக்கிறார்கள். வன்னியில் மலையகப் பிள்ளைக்கு நடந்தது இன்று திரும்பி வந்த பிள்ளைக்கும் நடக்கிறது.

செய்யக்கூடியவை

முதலாவது, வகுப்பறை. பிள்ளை 'இஸ்தோப்பு' என்று எழுதினால் அதைப் பிழை என்று வெட்டுவதை விட, 'விறாந்தை என்றும் சொல்வார்கள்' என்று பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். பிள்ளைக்கு ஒரு சொல் கூடும், ஒன்றும் குறையாது.

இரண்டாவது, மருத்துவமனையும் அலுவலகமும். ஒருவர் 'சத்தி' என்பார், இன்னொருவர் 'வாந்தி' என்பார். இரண்டும் ஒரே வருத்தம். கேட்பவர் முகம் சுளித்தால் சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திவிடுவார்.

மூன்றாவது, பதிவு. தோட்டத்து மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை சேகரித்தார். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் தங்கள் கதைகளில் மலையக வாழ்க்கையை எழுதினார்கள். அவை இல்லாவிட்டால் பல சொற்கள் லயத்தோடு போயிருக்கும். இந்த வேலையை எழுத்தாளர்கள் மட்டும் செய்யவேண்டும் என்றில்லை. வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் அடுப்படிச் சாமான்களின் பெயரைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதலாம். சொல், பொருள், அதைச் சொன்னவரின் ஊர், அவர் எந்த ஊர்கள் வழியே வந்தார் என்ற நான்கும் போதும். இடம்பெயர்ந்த குடும்பத்தில் அந்த நான்காவது விவரம்தான் பெரிய வரலாறு.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகளானதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து நடந்தவர்கள் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே, நோயிலும் பசியிலும் பலரை இழந்து, மலைக்கு நடந்த பாதை அது. அந்த நடையில் அவர்கள் கொண்டுவரக்கூடியதாக இருந்தவை கொஞ்சத் துணியும், சில பாத்திரங்களும், அந்தப் பாத்திரங்களின் பெயர்களும்தான். துணியும் பாத்திரமும் எப்போதோ போய்விட்டன. மிச்சமிருக்கும் பெயர்களை எழுதிவைக்க இன்னும் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள்.