லாஜிக் சரி, அவுட்புட் தப்பு: ஜாவா அர்ரேயில் ஒரு கமா படுத்தும் பாடு

கோயம்புத்தூர் காலேஜ்கள்ல பிளேஸ்மென்ட் டெஸ்ட்டுக்குத் தயாராகிற பல பேர் கேக்கற கேள்வி இது: லாஜிக் சரியா இருந்தும் டெஸ்ட் கேஸ் ஏன் ஃபெயில் ஆகுது? காரணம் எளிமைங்க. உங்க விடையை மனுஷன் படிக்கறதில்லை. எதிர்பார்க்கிற அவுட்புட்டோட ஒரு புரோகிராம் அதை எழுத்து எழுத்தா ஒப்பிடுது. கடைசியில வர்ற ஸ்பேஸைச் சில ஜட்ஜ்கள் மன்னிக்கும். கூடுதல் கமாவை மன்னிக்காது.

உழவர் சந்தையில அஞ்சு நாள் தக்காளி விலைன்னு வச்சுக்குவோம்: 20, 22, 19, 25, 25. இந்த இன்ட் அர்ரேயை நேரடியா பிரிண்ட்எல்என்-ல கொடுத்தா, ஒரு சதுர அடைப்புக்குறி, கேபிடல் ஐ, @, அப்புறம் புரியாத எழுத்தும் எண்ணும் வரும். முன்பகுதி 'இது இன்ட் அர்ரே'ன்னு சொல்லுது. பின்பகுதி அதோட ஹாஷ் கோட். விலை எங்கேயும் இருக்காது.

அர்ரேஸ் டாட் டூஸ்ட்ரிங் போட்டா விலைகள் வரும், கூடவே சதுர அடைப்புக்குறியும் வரும். அது வேண்டாம்னா லூப் எழுதணும். அங்கதான் சிக்கல். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாடியும் கமா போட்டா, கடைசி 25-க்குப் பின்னாடியும் ஒண்ணு தொங்கும். அஞ்சு பேர் வரிசையா நின்னா நடுவுல இருக்கற இடைவெளி நாலுதானே? அதனால கமாவை எண்ணுக்கு முன்னாடி போடுங்க. இண்டெக்ஸ் பூஜ்ஜியத்துக்கு மேல இருந்தா மட்டும் போடுங்க. வேலை முடிஞ்சுது.

அடுத்தது சராசரி. கூட்டுத்தொகை 111. இன்ட்டை இன்ட்டால வகுத்தா ஜாவா 22-ன்னு நிறுத்திக்கும். ரெண்டுல ஒண்ணை டபுளா மாத்தினா 22.2. கேள்வியில ரெண்டு தசம இடம் கேட்டிருந்தா, 2004-ல ஜாவா 5-ஓட வந்த பிரிண்ட்எஃப் இருக்கு. '%.2எஃப்' கொடுத்தா 22.20 வரும். பிரிண்ட்எஃப் தானா அடுத்த வரிக்குப் போகாது, கடைசியில '%என்' சேர்க்கணும்.

நமக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. ஊர்ப் பேரைத் தமிழ்ல எழுதி, விலையோட பத்தி பத்தியா அடுக்கினா கோணலாகும். 'கோவை' நம்ம கண்ணுக்கு ரெண்டு எழுத்து, ஜாவாவுக்கு நாலு. 'பொள்ளாச்சி' நமக்கு அஞ்சு, அதுக்குப் பத்து. கொம்பு, புள்ளி, துணைக்கால் எல்லாத்தையும் ஜாவா தனித்தனியா எண்ணும். அந்தக் கணக்குலதான் காலி இடத்தையும் விடும். எளிய வழி, விலையை முதல்லயும் பேரைக் கடைசியிலயும் போடறது.

சப்மிட் பண்றதுக்கு முன்னாடி, உங்க அவுட்புட்ல இருக்கற ஸ்பேஸை எல்லாம் ரீப்ளேஸ் வச்சு '_' ஆக்கி ஒரு தடவை பாருங்க. கண்ணுக்குத் தெரியாத தப்பு வெளிய வந்துரும். பார்த்த பிறகு அந்த வரியை எடுத்துருங்க, இல்லாட்டி அதுவே ஒரு தப்பாயிரும்.