இடைவெளியை அளக்கும் சிக்னல்

சிட்னியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது தார்ச்சாலையைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், நிறுத்தக் கோட்டை ஒட்டி நீள்சதுரமாக ஒரு தழும்பு தெரியும். சாலையை ரம்பத்தால் மெல்லிசாகக் கீறி, உள்ளே கம்பியைச் சுற்றிப் பதித்து, மேலே பசை ஊற்றி மூடியிருப்பார்கள். லேனுக்கு ஒன்று; நீளம் வழக்கமாக 4.5 மீட்டர். சிக்னலுக்குச் செய்தி போவது இந்தக் கம்பி வழியாகத்தான்.

வண்டியின் எடை அழுத்துவதால் சிக்னலுக்குத் தெரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கம்பிச் சுருளில் மாறுதிசை மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே உலோகம் எதுவும் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. சுருளின் மின்தூண்டல் குறைகிறது, அதிர்வெண் ஒரு துளி ஏறுகிறது. சாலையோரப் பெட்டி அந்தத் துளி ஏற்றத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதில் ஒரு வேடிக்கை: தரையை உரசுவதுபோல் போகும் சின்னக் கார் சுருளுக்குப் பளிச்சென்று தெரியும். அடிப்பாகம் உயர்ந்த பத்து டன் லாரி அதைவிட மங்கலாகத்தான் தெரியும். சைக்கிள்காரர் சரியான இடம் பார்த்து நிற்காவிட்டால், சிக்னலைப் பொறுத்தவரை அவர் வரவே இல்லை.

இந்தச் சுருள்களை வைத்து ஊர் முழுவதன் சிக்னல்களையும் நடத்தும் முறைக்கு ஸ்காட்ஸ் என்று பெயர். 1970களில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பிரதான சாலைகள் துறையில் ஆர்தர் சிம்ஸ் என்ற பொறியாளரும் உடனிருந்தவர்களும் உருவாக்கியது. மெல்போர்ன், ஆக்லாந்து, டப்ளின், ஷாங்காய், சிங்கப்பூர் என்று பல ஊர்களுக்குப் பிற்பாடு போய்ச் சேர்ந்தது.

வண்டிகளை எண்ணுவதுதான் அதன் வேலை என்று தோன்றும். எண்ணுகிறது, ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்புவதில்லை. காரணம் இது. ஒரு லேனுக்கு 30 வினாடி பச்சை விழுகிறது, 4 கார்கள் கடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவானால் சாலை காலி என்று அர்த்தம். மாலை ஆறு மணியானால் முன்னால் அடைத்துக்கொண்டு நாலு பேர்தான் நகர முடிந்தது என்று அர்த்தம். எண் ஒன்றுதான், நிலைமை நேர் எதிர்.

ஆகவே ஸ்காட்ஸ் இன்னொன்றையும் அளக்கிறது: பச்சை எரியும்போது சுருளின் மேல் எந்த வண்டியும் இல்லாமல் கழிந்த நேரம். வரிசை நெருக்கமாகப் போனாலும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி தவிர்க்க முடியாதது. அதை வண்டிக்கு 1 வினாடி என்று கொள்ளலாம். நள்ளிரவில் நாலு கார் போனபோது சுருள் 26 வினாடி காலியாக இருந்தது. தவிர்க்க முடியாத 4 போக, 22 வினாடி வீண். முப்பதில் உருப்படியாகப் பயன்பட்டது எட்டே வினாடி. மாலையில் அதே நாலு கார்கள் சுருளின் மேலேயே நின்று நின்று ஊர்ந்ததால், காலி நேரம் மொத்தமே 3 வினாடி. கணக்குப் போட்டால் பயன்பட்ட நேரம் 31 வினாடி வருகிறது, கொடுத்ததைவிட ஒன்று அதிகம். பயன்பட்ட நேரத்தைக் கொடுத்த பச்சை நேரத்தால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும்; அது ஒன்றைத் தாண்டிவிட்டால் அங்கே நெரிசல். கேமரா இல்லை, செயற்கை நுண்ணறிவு இல்லை. ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். இந்தத் துறையில் நான் பார்த்தவற்றில் மிக அழகான கணக்கு இதுதான்.

இந்த விகிதத்தைப் பார்த்து, பச்சையை வீணாக்கும் லேனிடமிருந்து நேரம் எடுத்துத் திணறும் லேனுக்குக் கொடுக்கிறது. எல்லாமே திணறினால் ஒரு முழுச் சுற்றின் நீளத்தைக் கூட்டுகிறது. பெட்டிகளுக்கு மேலே வட்டாரக் கணினி ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்த சந்திப்புகளைக் குழுவாகக் கட்டி, எந்தச் சந்திப்பில் எப்போது பச்சை விழ வேண்டும் என்று பார்ப்பது அதன் பொறுப்பு. 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் அரை கிலோமீட்டரைக் கடக்க 30 வினாடி ஆகும். அடுத்த சிக்னல் அத்தனை வினாடி தள்ளிப் பச்சையானால் நிற்காமல் போகலாம். எதிர்த்திசைக்காரருக்கும் அதே யோகம் அடிப்பது அபூர்வம். யாருக்குச் சாதகம் செய்வது என்பது நேரத்துக்கு நேரம் மாறும். பக்கத்துக் குழுக்கள் இரண்டின் சுற்று நேரம் நெருங்கி வந்தால் கணினி அவற்றை இணைத்துவிடும், விலகினால் பிரித்துவிடும். பொறியாளர்கள் இதைக் கல்யாணம், விவாகரத்து என்றே சொல்கிறார்கள். ஒரே நாளில் இரண்டும் நடக்கும்.

இத்தனைக்கும் அடிப்படை ஒன்று உண்டு: வண்டிகள் லேனில் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் நிறுத்தக் கோட்டைத் தாண்டி பைக்குகள் கூடி நிற்க, ஆட்டோ சந்தில் மூக்கை நுழைக்க, இடைவெளி என்பதற்கே பொருள் மாறிவிடுகிறது. லேன் பிடிக்காத இந்தக் கலவைப் போக்குவரத்தை மனதில் வைத்துத்தான் திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம் கோசிகோஸ்ட் என்ற தனி முறையை வகுத்தது.

சுருளுக்குப் படாத இன்னொருவர் நடந்து கடக்கிறவர். அவருக்காகப் பொத்தான் உண்டு. ஆனால் எல்லாரும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. சிங்கப்பூரில் 2009 முதல் சில சந்திப்புகளில் முதியவர்கள் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் தட்டினால் பச்சை மனிதன் கூடுதலாக எரிகிறான். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை கிடைக்கும்.

எல்லாத் திசையிலும் விகிதம் ஒன்றைத் தாண்டிவிட்டால் சிக்னலிடம் பங்கிட மிச்சம் எதுவும் இல்லை. சிங்கப்பூர் இதை முன்கூட்டியே உணர்ந்த ஊர். 1975லேயே நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கி, 1998இல் அதை மின்னணு முறைக்கு மாற்றியது. கட்டணத்தை நிர்ணயிப்பது வேகம். விரைவுச்சாலையில் 45 முதல் 65 கி.மீ. வரை இருந்தால் சரி. அதற்குக் கீழே இறங்கினால் அடுத்த மறுஆய்வில் கட்டணம் ஏறும், மேலே போனால் குறையும்.